சூடாமணியின் சிரிப்பு

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் வீடு வாங்கியதும், வக்கீல் வேதாந்தம் கூடத்தில் மாட்டுவதற்காகத் தன் மனைவி சூடாமணியைப் படமாக எழுத ஏற்பாடு செய்தார். முப்பத்தொன்றாம் வருஷம் அது. கங்காதரன் என்ற ஓவியர் பிற்பகல்களில் வந்து எழுதினார். சமையற்கார மாமி துணைக்கு இருக்க, சூடாமணி தாழம்பூவும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

படம் முடிந்ததும் அதைப் பார்க்க நண்பர்கள் வந்தார்கள். அவர்களில் மேல்நாட்டுச் சித்திரங்களைப் பற்றிப் படித்தவர் கஸ்தூரிரங்கன்.

"ஜன்னல் பாதி திறந்திருக்கு பார்த்தேளா? மனசு வெளியிலே போறதுன்னு அர்த்தம். தாழம்பூ பூஜைக்காகாத பூ. அந்தச் சிரிப்பு இருக்கே, எழுதினவனைப் பார்த்துன்னா சிரிக்கறது!"

எல்லோரும் சிரித்தார்கள். வேதாந்தமும் சிரித்தார். அவர்கள் போனதும் மனைவியைப் படத்தின் முன் நிறுத்தினார்.

"எதுக்குச் சிரிச்சே?"

"குழந்தை உண்டான்னு படம் எழுதினவர் கேட்டார். நம்ம கோதையைச் சொன்னேன். குங்குமச் சிமிழைக் கவுத்து மூஞ்சியெல்லாம் அப்பிண்டாளே, அது ஞாபகம் வந்தது. மாமியைக் கேளுங்கோ."

"சமையற்காரியைச் சாட்சிக்குக் கூப்பிடறியா? செத்துப்போன குழந்தையை நினைச்சு எந்தத் தாயாராவது சிரிப்பாளா?"

கோதை ஜுரத்தில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிரித்தது தப்போ என்று சூடாமணிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்த வாரம், நாடகத் திரை எழுதும் பீர் முஹம்மதை வேதாந்தம் அழைத்து வந்தார். சூடாமணியை மறுபடி உட்கார வைத்துப் பக்கத்திலேயே நின்றார்.

"தலையைக் குனி. இன்னும் குனி."

பீர் முஹம்மது படத்திலிருந்த ஜன்னலைச் சாத்தினார், தாழம்பூவைத் துளசியாக்கினார், கண்களைத் தாழ்த்தினார். உதட்டுக்கு வந்ததும் தூரிகை நின்றது.

"சாமி, இந்தச் சிரிப்பு நல்லாத்தானே கீது?"

"அழி."

நவராத்திரிக்குக் கஸ்தூரிரங்கன் மனைவி ஜெயலக்ஷ்மியோடு வந்தார். "என்ன அடக்கம்! இதுன்னா கிருஹலக்ஷ்மி!" என்று வியந்தார்.

"எழுதறச்சே என்ன நினைச்சிண்டிருந்தேள்?" என்று ஜெயலக்ஷ்மி சூடாமணியைக் கேட்டாள்.

"என்னைத்தான்! வேறே யாரை?" என்றார் வேதாந்தம்.

சூடாமணி சுண்டல் எடுத்துவர உள்ளே போனாள்.

அப்புறம் அவள் கோதையின் பேச்சையே எடுக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து இன்னொரு பெண் பிறந்தது. அதைக் கொஞ்சும்போதெல்லாம், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள்.