மிளகாய்ச் சந்தில் மாப்பிள்ளை

ஊரிலிருந்து யார் டெல்லிக்கு வந்தாலும் அவர்களைப் பழைய டெல்லிக்கு அழைத்துப் போய்க் கால் கடுக்க நடக்கவைப்பது அப்பாவின் வழக்கம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிய திருநெல்வேலிக்காரர்களில் இதற்குத் தப்பியவர்கள் கிடையாது. சாந்தினி சௌக்கின் நட்டநடுவில் நிறுத்தி, "இங்கன ஒரு கால்வாய் ஓடிச்சு. பாதுஷாவோட மவ சொல்லி வெட்டினது. ராத்திரி நிலா அதுல தெரியும்" என்பார். வந்தவர்கள் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு ஒதுங்கிக்கொண்டே தலையாட்டுவார்கள். கொஞ்சம் சரித்திரம், பிறகு ஒரு பராத்தா, மறுபடியும் சரித்திரம் என்று நடை போகும். சரித்திரத்தைப் பொறுத்துக்கொண்டால் தின்பதற்குக் குறைவிருக்காது.

அத்தையைப் பெண் பார்க்க ஒருவர் வந்தபோதும் இதேதான் நடந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. பரீட்சை எழுதி மத்திய அரசில் வேலை வாங்கிக்கொண்டு எங்களோடு இருந்தாள். வந்தவர் தென்காசியில் பேங்கில் இருந்தார். ஏதோ டிரெயினிங்குக்காக டெல்லி வந்திருந்தார். பையன் முதலில் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மா கேசரி, பஜ்ஜி என்று ஆரம்பித்ததுமே அப்பா கையமர்த்தினார்.

"கேசரி அவுக ஊர்ல கெடைக்காதா? டெல்லியச் சுத்திக் காட்டுவோம். பொண்ணையும் பாத்த மாதிரி ஆச்சு."

அம்மாவுக்கு மனசில்லை. இது போனால் அடுத்த வரன் எப்போதோ என்ற கவலை அவளுக்கு. அத்தைக்குப் புடவை கட்டிவிட்டு, "அங்க போயி வண்டி வண்டியாத் தின்னு வைக்காத" என்று எச்சரித்தாள். இருவரும் தனியாக நிற்கக் கூடாது என்று என்னையும் கூட அனுப்பினாள். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். பள்ளிக்கூடம் போவதைத் தவிர வேறு எதற்குக் கூப்பிட்டாலும் கிளம்பிவிடுவேன்.

அப்பா வந்த காரியத்தை மறந்து சரித்திரத்தில் இறங்கிவிட்டார். அவர் பின்னால் அந்த மனிதர் பேனா குத்திய சட்டையோடு, "அப்படியா அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பின்னால் அத்தையும் நானும். அம்மா சொன்னது பராத்தா வரைக்கும்தான் அத்தைக்கு நினைவிருந்தது. பானிபூரி விற்கும் கோல்கப்பாக்காரனைக் கண்டதும், "பையா, தோடா அவுர் தீக்கா" என்று காரம் கூட்டிக் கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. தானும் ஒன்றை வாயில் போட்டுப் புரையேறி நின்றார். அத்தை தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று, அத்தைக்கும் பிடித்திருக்கிறது என்றே தோன்றியது.

தெருக்கோடியில் கேரட் அல்வா வாங்க அப்பா கூட்டத்துக்குள் புகுந்தார். நாங்கள் மூவரும் ஒரு பழைய வாசல் நிழலில் நின்றோம். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்க ஒண்ணுக்கும் யோசிக்காதீங்க. கல்யாணம் ஆனா வேலையெல்லாம் விட்டுறலாம். எங்க வீட்ல பொம்பளையாளுக கஷ்டப்படண்டாம். வேலைக்கே போவண்டாம்."

அப்படியொரு நல்ல வார்த்தையை அதற்கு முன் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. என் பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்து அவர் ஏதாவது சொல்ல மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையின் கையில் ஒரு தொன்னை தஹி பல்லா, அந்த ஊர்த் தயிர்வடை, இருந்தது. அதைத் தின்னாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேல எனக்குக் கஷ்டம் இல்லியே" என்றாள்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிரும்" என்றார் அவர், ஆறுதலாக.

அத்தை தொன்னையைக் குப்பைக் கூடையில் போட்டாள். "வாங்க, அண்ணன் வார வரைக்கும் ஒரு எடம் காட்டுதேன்" என்று முன்னால் நடந்தாள்.

அது மிளகாய் மண்டிகள் இருக்கும் சந்து. அப்பாவின் நடையில் அந்த இடம் கிடையாது. வீட்டுக்கு வருஷத்துக்கான வத்தல் வாங்க அத்தை மட்டும்தான் அங்கே போவாள். மூட்டை சுமப்பவர்களே இருமிக்கொண்டு போகிற இடம். உள்ளே நுழையுமுன் அத்தை முந்தானையால் தன் மூக்கையும் என் முகத்தையும் இழுத்து மூடிவிட்டாள். அவருக்கு யார் மூடுவது? முதலில் தும்மினார். பிறகு இருமினார். பிறகு கண்ணிலும் மூக்கிலும் ஒழுக ஆரம்பித்தது. அந்த நிலையிலும், "நல்ல எடந்தான்" என்று மரியாதைக்குச் சொன்னார். அத்தை கொஞ்சமும் அவசரப்படாமல் குண்டூர் மிளகாய் விலையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

அல்வாவோடு நின்ற அப்பாவிடம் அவரால் வாய் திறந்து பேச முடியவில்லை. கைக்குட்டையை முகத்தில் வைத்தபடி கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அம்மா வாசலுக்கே வந்து, "என்ன சொன்னாவ?" என்றாள்.

"என்னத்தச் சொல்ல? அந்தப் பையன் அழுதுட்டுப் போறான். கண்ணு ரெண்டும் ரத்தமாச் சிவந்து கெடக்கு" என்றார் அப்பா. "அவன் மனசுல வேற யாரோ இருக்கா. வீட்ல கட்டாயப்படுத்தி அனுப்பியிருக்காவ."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே, "பாவம் அண்ணே. நல்ல மனுஷன். நாம வற்புறுத்தண்டாம்" என்றாள்.

"அய்யோ அப்பா, அது மிள..." என்று நான் ஆரம்பிக்கும்போதே அத்தை ஒரு கை நிறைய அல்வாவை என் வாயில் திணித்துவிட்டாள். பாசம் என்று நினைத்துக்கொண்டேன். அதை மென்று முடிப்பதற்குள் பேச்சு முடிந்திருந்தது. அந்தப் பையனின் மனசை நோகடிக்க எங்களுக்கு விருப்பமில்லை என்று அப்பா மிகுந்த பெருந்தன்மையோடு ஊருக்குப் போன் செய்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை நல்ல பனி. நான் பள்ளிக்கூட வேனுக்கும் அத்தை ஆபீஸ் போகும் சார்ட்டட் பஸ்ஸுக்கும் நின்றுகொண்டிருந்தோம். எனக்குப் பல் கிட்டியது.

"அத்தை, வேலைக்கே போவண்டாம்னு அவுக சொன்னாவள்ல? சரின்னு சொல்லியிருந்தா இந்தக் குளிர்ல நீங்க ரஜாய்ப் போர்வைக்குள்ள தூங்கிட்டு இருக்கலாம்ல?"

"ஆமாட்டி" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். பனிக்குள்ளிருந்து பஸ் வந்தது. டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து எனக்குக் கையாட்டினாள். அவ்வளவு நல்ல மனிதரை விட்டுவிட்டு இப்படி ஆபீசுக்கு ஓடுகிறாளே என்று எனக்கு அத்தையைப் பார்க்கவே பாவமாக இருந்தது.