தனலெட்சுமி சொல்லாத தேதி

தனலெட்சுமி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை எங்கள் தோட்டத்தில் தேடினாலும் கிடைக்காது. இடி இடித்தால் டிவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு என் வீட்டுக்கு ஓடி வருவாள். செம்பனை மரங்களின் ஓரமாகத் தனியாக நடக்க மாட்டாள். நான் பள்ளிக்கூட வேனை ஓட்டிக்கொண்டு திரும்பும்வரை மெயின் ரோட்டுக் கடையிலேயே நிற்பாள். அப்படிப்பட்டவள் ஒரு பொய்யை வயிற்றுப் பிள்ளையோடு சேர்த்து மாதக்கணக்கில் சுமந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் மார்த்தா. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், நான் சர்ச்சுக்குப் போகிறவள். அதில் எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. கோயில் ஆட்களிடம் சொல்ல முடியாததை அவள் என்னிடம் சொல்லுவாள்; சர்ச் ஆட்களைப் பற்றி நான் அவளிடம் வாய் கிழியப் பேசுவேன்.

அவள் புருஷன் சுகுமாறன், செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றும் லோரி ஓட்டுகிறான். நல்லவன், குடி கிடையாது. ஆனால் தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளர் ஆன நாளிலிருந்து அம்மன் தனக்கு மட்டும் நேரில் போன் பண்ணுகிற மாதிரி ஒரு நடை நடப்பான். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. தனத்துக்கு நாற்பது நெருங்கிவிட்டது. கல்யாண வீடு, கருமாதி வீடு என்று எங்கே போனாலும் "ஏதாச்சும் புழு பூச்சி உண்டா?" என்று கேட்பதற்கு ஒரு கிழவி உட்கார்ந்திருப்பாள். அதற்காகவே தனம் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான், கேட்கப் போகிறார்களே என்ற பயத்திலேயே ஓடியது.

போன வருஷத் திருவிழாவுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டாள். காப்புக் கட்டி, விரதம் இருந்து, தரையில் படுத்து, எல்லாம் முறைப்படி செய்தாள். தன் நாள் எப்போது வரும் என்று முன்னாலேயே கணக்குப் பார்த்து, திருவிழாவுக்குப் பிறகுதான் என்று நிம்மதியாக இருந்தாள். உடம்பு அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. தீமிதி அன்று காலை குளிக்கப் போன இடத்தில் பார்த்தால், வந்துவிட்டது.

வீட்டுக்குத் தூரமான பெண் கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. வெளியே மேளம் கொட்டுகிறது. மஞ்சள் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு சுகுமாறன் கதவைத் தட்டுகிறான். இந்த வருஷம் விட்டால் இனி இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் சேலையைக் கட்டிக்கொண்டு போய்ப் பால்குடம் எடுத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் தீக்குழியில் இறங்கிய மாயாண்டி அண்ணனுக்கு இரண்டு காலும் வெந்துபோனது. அவருக்குச் சர்க்கரை நோய் முற்றி, காலில் முள் குத்தினால்கூடத் தெரியாது. அதைத் தோட்டமே அறியும். அதனால்தான் வெந்தது என்று நான் சொன்னால் யார் காதில் ஏறும்? சுகுமாறன் மைக்கைப் பிடித்தான். "யாரோ சுத்தம் இல்லாம கலந்துட்டாங்க. அம்மா காட்டிக் குடுத்துட்டா" என்றான். தனம் அன்னதானக் கொட்டகையில் பூசணிக்காய் வெட்டிக்கொண்டே அதைக் கேட்டாள். மாயாண்டி அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த மாதமே அவளுக்கு நாள் தள்ளிப்போனது. சந்தோஷப்பட வேண்டியவள் நடுங்கினாள். பிடுங்கிக்கொள்வதற்காகவே அம்மன் கொடுத்திருக்கிறாள் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டாள். மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக் கூடாது என்று கிளினிக்குக்கும் போகவில்லை. நான்தான் திட்டி, கடைசியில் லோபாக்கில் ஒரு கிளினிக்குக்கு இருவரையும் வேனில் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா மாதவிலக்கு வந்தது எந்தத் தேதி?" என்பதுதான். பக்கத்தில் சுகுமாறன். உண்மையைச் சொன்னால் அது தீமிதி தேதி. தனம் அதற்கு முந்தின தடவை வந்த தேதியைச் சொன்னாள். மூன்று வாரம் முன்னால் தள்ளிச் சொன்னதில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்திருப்பாள்.

ஸ்கேனில் இருதயத் துடிப்பு கேட்டது. ஆனால் டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "தேதிக்குப் பிள்ளை கொஞ்சம் சின்னதா இருக்கே. தேதி சரிதானா?" என்றார். சுகுமாறன் முந்திக்கொண்டான். "கண்டிப்பா டாக்டர். காப்புக் கட்டுறதுக்கு முன்னாடியே வந்து போயிருச்சு. கோயில் விஷயம், தப்பா இருக்காது." வயது கூடிய தாய் என்பதால் ரத்தமும் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தது: பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க வாய்ப்பு அதிகம், முப்பதில் ஒன்று. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள்.

 முடிவு வாங்கப் போன அன்று, வேனில் திரும்பி பாரோய் தாண்டியதும் தனம், "முப்பதுல ஒன்னுன்னா, அந்த ஒன்னு நான்தான்க்கா" என்றாள்.  வாயை மூடு என்று அதட்டினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் டான்யா என்று ஒரு சின்ன வயதுப் பெண். பெயரைப் பார்த்தால் எங்கள் ஆள், சர்ச்சுப் பிள்ளை. புருஷனைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்றார்கள். நான் இவளுடைய அக்கா என்று சொல்லி நுழைந்துவிட்டேன். நர்ஸ் முறைத்தாள், நானும் முறைத்தேன்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னாள். "அந்த ரத்த டெஸ்ட் பிள்ளைக்கு நோய் இருக்குன்னு சொல்லல. உங்கள மாதிரி முப்பது அம்மாங்க வந்தா, ஒருத்தர் பிள்ளைக்கு இருக்கலாம், மத்தவங்க பிள்ளைங்களுக்கு இருக்காது, அவ்ளோதான். உங்க வயசு, ரத்தத்துல உள்ள அளவு, எத்தனை வார கர்ப்பம், மூணையும் வச்சுப் போடுற கணக்கு. அந்த அளவு வாரத்துக்கு வாரம் மாறும். தேதி தப்பா இருந்தா கணக்கே தப்பு. பிள்ளையும் மூணு வாரம் சின்னதா தெரியுது. தேதி தப்பா இருக்கணும், இல்லன்னா பிள்ளை சரியா வளரலன்னு அர்த்தம். அதான் திரும்பக் கேக்குறேன். தேதி ஷூரா?"

நான் தனத்தைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சுகுமாறன், "ஷூர் டாக்டர்" என்றான்.

"அப்படின்னா நாம கொஞ்சம் கவலைப்படத்தான் வேணும்" என்றாள் டாக்டர். இன்னொரு புது ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அதுவும் உறுதியாகச் சொல்லாது என்றாள். உறுதி வேண்டுமென்றால் வயிற்றில் ஊசி குத்தி, பிள்ளையைச் சுற்றியுள்ள நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். "அதுல கரு கலையுற ஆபத்து ரொம்பக் குறைவு. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். கட்டாயம் கிடையாது. தெரிஞ்ச பிறகு என்ன செய்யப் போறீங்கன்னு யோசிச்சு முடிவெடுங்க."

சுகுமாறன் உறுதியாகத் தெரிய வேண்டும் என்றான். தனம் தலையை ஆட்டினாள். அவள் எதற்குத்தான் ஆட்டவில்லை?

ஊசிக்கு நாள் கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அழுவது எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன ஏது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். பெண்கள் "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? ஆனால் ஊசிக்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

அந்த நாள் வந்தது. சுகுமாறன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தனம் என் கையைப் பிடித்துக் கழிவறைக்கு இழுத்துப் போனாள். உள்ளே போனதும் சுவரில் சாய்ந்துகொண்டு, "அக்கா, அந்தத் தேதி பொய்" என்றாள். பால்குடம், சேலை, மாயாண்டி, எல்லாவற்றையும் அங்கேதான் கொட்டினாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அடிப்பாவி! டாக்டர் தலை தலையா அடிச்சுக்கிட்டாளேடி, தேதி தப்புன்னா கணக்கே தப்புன்னு! இப்ப வந்து சொல்ற? வயித்துல ஊசி குத்தப் போறாங்கடி!"

"குத்தட்டும்க்கா."

"என்னடி சொல்ற?"

"குத்தட்டும். அவருக்குத் தெரிய வேணாம். மாயாண்டி அண்ணன் காலு வெந்ததுக்கு நான்தான் காரணம்னு தெரிஞ்சா, அவரு கோயில்ல எப்படி நிப்பாரு? எம் மூஞ்சிய எப்படிப் பாப்பாரு?"

"உன் புள்ளைக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

  நானே போய்ச் சொல்கிறேன் என்று கதவைத் திறந்தேன். "நீங்க சொன்னா நான் இல்லன்னு சொல்லிருவேன்க்கா" என்றாள். அந்த நேரம் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள்.  இயேசுவே, இவள் வாயைத் திற என்று வேண்டிக்கொண்டே பின்னால் போனேன்.

கட்டிலில் படுக்க வைத்தார்கள். சுகுமாறன் தலைமாட்டில், நான் கால்மாட்டில். மூடிய தட்டில் ஊசி. டாக்டர் வயிற்றில் மருந்து தடவி, கருவியை வைத்து, எங்கே குத்தலாம் என்று திரையில் இடம் தேடினாள். பிள்ளை காலை நீட்டி மடக்கியது. சின்ன வாயைத் திறந்து மூடியது. டாக்டர் நர்ஸிடம் கை நீட்டினாள். பிறகு நிறுத்தினாள்.

"கொஞ்சம் வெயிட் பண்ணுவோம். பிள்ளை சரியா இந்த இடத்துக்கே வருது."

தனம் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். ஊசி இறங்க வேண்டிய இடத்தில் பிள்ளை கையை விரித்து வைத்திருந்தது.

"வேணாம்!" என்று அலறினாள். "டாக்டர், வேணாம். தேதி தப்பு. நான் சொன்ன தேதி தப்பு!"

டாக்டர் கருவியை எடுத்துவிட்டாள். "ஊசிக்குப் பயந்து சொல்லாதீங்கம்மா. வேணாம்னா நிறுத்திடலாம், அது உங்க உரிமை. ஆனா தேதி உண்மையா இருக்கணும். எப்ப வந்துச்சு?"

"தீமிதி அன்னிக்கு."

"அது எந்தத் தேதி?"

தனம் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவளுக்கு அது வெறும் தேதி. அவள் சுகுமாறனைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள்.

தெரியாமல் என்ன? திருவிழா நோட்டீஸ் அடித்ததே அவன்தான். அவன் முகத்தில் ரத்தம் இல்லை.  தனம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், அடி விழப்போகிறது என்பதுபோல. இவன் மட்டும் இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றால் செருப்பைக் கழற்றிவிடுவேன் என்று நான் தயாராக இருந்தேன்.

"சார்? தேதி உறுதியா தெரியலன்னா பழைய கணக்குலதான் போகணும்."

சுகுமாறன் தேதியைச் சொன்னான்.  "எழுதிக்கங்க டாக்டர். அன்னிக்குக் காலையில பால்குடத்த அவ தலையில தூக்கி வச்சதே நான்தான்."

டாக்டர் புதுத் தேதியைத் தட்டினாள். தலை, தொடை எலும்பு என்று ஒவ்வொன்றாக அளந்தாள். "பிள்ளை சின்னதே இல்ல" என்றாள். "இந்தத் தேதிக்கு அச்சா பொருந்துது. ரத்த ரிசல்ட்ட மறுபடி கணக்குப் போடச் சொல்றேன். ஊசிய இப்ப விட்டுருவோம்." அடுத்த வாரம் வந்த கணக்கில் எண் பயப்பட வேண்டிய எல்லைக்கு வெளியே போய்விட்டது. அப்போதும் டாக்டர், "குறைவுன்னுதான் சொல்றேன், இல்லவே இல்லன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றாள். அந்த மிச்சப் பயத்தைத் தனம் பிரசவம்வரை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் ஊசியை நிறுத்திய அன்று, அந்த அறையில் அவளுக்கு இருந்தது வேறு பயம். புருஷனை நிமிர்ந்து பார்க்காமல், "நான் தீட்டோட எடுத்துட்டேங்க. அம்மா சும்மா விடுவாளா?" என்றாள்.

 சுகுமாறன் டாக்டரிடம் திரும்பினான். "டாக்டர், இந்தத் தேதிப்படி பாத்தா, புள்ள எப்ப தங்கியிருக்கும்?"

"அதுல இருந்து ரெண்டு வாரம் கழிச்சு, சுமாரா."

"தீமிதிக்கு அப்புறமா? நல்லாத் தெரியுமா?"

"ஆமா சார். அப்புறம்தான்."

அவன் மெதுவாகக் குனிந்து தனத்தின் ஈரமான முகத்தைத் தன் சட்டையால் துடைத்தான். "கேட்டியா?" என்றான். "அந்தப் பால்குடத்துக்குத்தான் அம்மா குடுத்திருக்கா, தனம்."