வலிக்காத முழங்கால்

அந்த ஆட்டத்தில் என் முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை எழுத எனக்கு ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. டென்னிஸ்தான் தொழில். டிவியில் பார்க்கிற மாதிரித் தொழில் இல்லை. உலகத் தரவரிசையில் அடியில் எங்கேயோ கிடந்துகொண்டு, ஒன்றிரண்டு புள்ளிகளுக்காக ஊர் ஊராக ரயிலில் போய், முதல் சுற்றிலேயே தோற்று, அடுத்த ஊருக்கு டிக்கெட் எடுக்கிற தொழில். அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஆலைக் குடியிருப்பில் அதிகாரிகளுக்கென்று ஒரு டென்னிஸ் கோர்ட் உண்டு. அங்கே விளக்கு மாட்டப் போன அப்பாவின் பின்னாலேயே போய், ஒன்பது வயதில் முதன்முதலாக மட்டையைப் பிடித்தேன். அவர் ஓய்வு பெற்றதும் பெரம்பலூருக்கு வந்துவிட்டோம். எங்கள் தெருவுக்கு நான் 'டென்னிஸ் ஆடுற பொண்ணு'.

ஆட்டம் மகாராஷ்டிராவில் ஒரு ஊரில். எதிரே பதினாறு வயதுப் பெண். தரவரிசையில் பெயரே வராதவள். முதல் செட்டை 6-1 என்று எடுத்துக்கொண்டாள். இரண்டாவதில் 4-0. என் சர்வ் ஒவ்வொன்றையும் முன்னால் வந்து அடித்தாள். பந்து என்னைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலியோரம் நின்றிருந்த எனக்குத் தெரிந்த ஆட்டக்காரிகள் இரண்டு பேர், பார்க்காததுபோல் செல்போனைக் கையில் எடுத்தார்கள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது என்று நினைக்கிறேன். அடுத்த பந்துக்கு ஓடினேன், பாதியில் நின்றேன், குனிந்து இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தேன் என்றால் அதுவும் பொய். பிசியோ வந்து அமுக்கிய இடத்திலெல்லாம் வலிக்கிறது என்றேன். தொடர முடியாது என்று நடுவரிடம் சொல்லிவிட்டு நொண்டியபடி வெளியே வந்தேன். கை கொடுத்த அந்தப் பெண்ணின் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

சாயங்காலம் அவள் என் அறைக் கதவைத் தட்டினாள். ஓட்டல் சமையலறையில் கேட்டு வாங்கிய ஐஸ் ஒரு பிளாஸ்டிக் பையில் இருந்தது. பெங்களூரில் வளர்ந்தவள், தமிழ் பேசுவாள்.

"வச்சுக்கோங்க அக்கா, வீக்கம் வராது" என்றாள். கொஞ்ச நேரம் கட்டில் முனையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ரேங்க் இருக்கிறவங்கள நான் ஜெயிச்சதே இல்ல. கடைசிப் பாயிண்ட் வரைக்கும் ஆடி ஜெயிக்கணும்னு இருந்தேன். சாரி அக்கா, நீங்க வலியில இருக்கும்போது இதச் சொல்றேன்" என்றாள்.

அவள் போகும்வரை ஒன்றும் ஆகாத அந்த முழங்காலில் ஐஸை வைத்துக்கொண்டிருந்தேன். மரத்துப் போனது.

பொய் அந்த ஊரோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அரியலூர் ஸ்டேஷனில் அப்பா பக்கத்து வீட்டுக்காரர் காரோடு நின்றிருந்தார். பஸ்ஸில் வந்தால் காலை நீட்ட முடியாதாம். நான் விலகிக்கொண்டதைப் போனில் ஸ்கோரில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவரிடம், முட்டி என்று சொல்லியிருந்தேன்.

"முட்டிய மடக்காத பாப்பா" என்று பின்சீட்டில் தலையணை வைத்தார்.

திருச்சிக்குக் கூட்டிப்போனார். ஸ்கேன் எடுத்த டாக்டர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலம்மா. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடு" என்று மட்டும் சொன்னார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறேன். அப்பாவுக்குப் புரியவில்லை. "ஸ்கேன்லயே தெரியாத அளவுக்கு உள்காயம்னா பாத்துக்குங்களேன்" என்று தெருவில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். நான் வீட்டுக்குள் நொண்டினேன். சில நாள் எந்தக் கால் என்று மறந்துபோய்ச் சுவரைப் பிடித்து நிற்பேன்.

சித்திரை மாதம். ஒரு நாள் விடியற்காலையில் அம்மா மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, கையில் பையோடு கிளம்பி நின்றார்.

"சமயபுரத்துக்கு நடந்தே வரேன்னு ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். உன் காலு சரியாவணும்."

"வேணாம்மா. எனக்குச் சரியாயிடுச்சு. பாரு, நடக்கிறேன்."

"சரியாயிட்டா வேண்டுதலச் செலுத்தித்தான ஆவணும்" என்று சொல்லிவிட்டு, தெருப் பெண்கள் நான்கு பேரோடு போய்விட்டார். நாற்பது கிலோமீட்டருக்கு மேல், செருப்பில்லாமல், தார் ரோட்டில்.

மறுநாள் நானும் அப்பாவும் பஸ் ஏறிப் போனோம். கோயில் பக்கத்தில் ஒரு கொட்டகை நிழலில் அம்மா உட்கார்ந்திருந்தார். பாதம் இரண்டிலும் கொப்புளம் உடைந்து, துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தார். அப்பா இளநீர் வாங்கப் போனார். நான் அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

"அம்மா, எனக்குக் காலுல ஒண்ணுமே ஆவல. தோத்துருவேன்னு தெரிஞ்சு நடிச்சேன்."

அம்மா பாதத்துத் துணியின் முடிச்சை நெருடிக்கொண்டிருந்தார். பிறகு, "அந்தப் புள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"பதினாறு."

"அவ அம்மா கூட வந்திருந்தாளா?"

"இல்லம்மா. தனியாத்தான் வந்திருந்தா."

காலில் அவிழ்ந்த துணியை மறுபடி இறுக்கிக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிப்புடாத. அவரு தாங்க மாட்டாரு" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அம்மா முன்னால் போய், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஆடினேன். 6-0, 6-0 என்றுகூட ஒருமுறை தோற்றேன். கடைசிப் பந்துவரை நின்றேன். அதில் பெருமைப்பட எதுவுமில்லை. செய்ய வேண்டியது அதுதான். ரேங்க் ஏறவில்லை. விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பெரம்பலூரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

போன வருடம் மாணவிகள் இரண்டு பேரைச் சென்னையில் ஒரு போட்டிக்குக் கூட்டிப்போனபோது அந்தப் பெண்ணைப் பார்த்தேன். இப்போது அவள் நான் எட்டாத உயரத்தில் இருக்கிறாள். பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவளை நிறுத்தி, நின்ற வாக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். சிரித்து மழுப்பிவிடுவாள் என்றும் ஒரு ஆசை இருந்தது. இரண்டும் நடக்கவில்லை.

"அத நான் ஜெயிச்ச கணக்குலயே வைக்கல அக்கா. அடிபட்டவங்கள ஜெயிச்சது ஒரு ஜெயிப்பான்னு விட்டுட்டேன்" என்றாள். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, "அன்னைக்கே ரூம்ல சொல்லியிருக்கலாம்" என்றாள். போய்விட்டாள்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. சாயங்காலங்களில் கோர்ட்டுக்கு வந்து, பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோருடன் பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். அந்த முட்டி மட்டும் போகாமல் இருந்திருந்தால் இவள் எங்கேயோ இருந்திருப்பாள் என்பார். சென்ற வாரம் அரும்பாவூரிலிருந்து மகளைச் சேர்க்க வந்த ஒரு அம்மா அதைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"இப்ப முட்டி எப்படிங்க இருக்கு?"

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்லைங்க" என்றேன்.