வேடியப்பனின் சாப்பாட்டுச் சிரிப்பு

திருத்தணி ஸ்டேஷனுக்கும் மலையடிவாரத்துக்கும் ஜட்கா ஓட்டிய வேடியப்பனை, சிரிப்பதற்கு நேரங்காலம் தெரியாதவன் என்று பேசியவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அவனோடு ஜட்கா ஓட்டியவன் நான். நடந்தது எனக்குத் தெரியும்.

யுத்தம் நடந்த வருஷங்களில் ஒருநாள் அவன் வண்டி குடைசாய்ந்து, காதுக்குப் பின்னால் எலும்பு உடைந்தது. அந்தப் பக்க முகமே செத்துப்போயிற்று. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில், நாக்குக்குப் போகும் நரம்பை முகத்து நரம்போடு சேர்த்துத் தைத்தார்கள். நாக்கைப் பல்லில் அழுத்தினால் கன்னம் அசையும், கண்ணாடி பார்த்துப் பழகு என்றார் டாக்டர். மாதக்கணக்கில் அழுத்தினான். ஒரு காலையில் கன்னம் துடித்தது. அவன் மனைவி அன்னம்மாள் தெருவுக்கே வெல்லம் கொடுத்தாள்.

ஆனால் சோறு மெல்லும்போதும் நாக்கு புரளத்தானே செய்யும்? உடனே கன்னம் மேலேறி, அவன் சிரிப்பதுபோல இருக்கும். வீட்டில் அது யாருக்கும் தொந்தரவாக இல்லை. பள்ளிப்பட்டில் மாமனாரின் கருமாதிச் சாப்பாட்டில்தான் வினை வந்தது. கவளத்துக்குக் கவளம் இவன் சிரிப்பதை அன்னம்மாளின் அண்ணன் கஜபதி பார்த்துவிட்டான். அவனுக்கு மூக்கின்மேல் கோபம். நரம்பு, ஆபரேஷன் என்று அவள் அழுதுகொண்டே சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை.

"எங்கப்பன் கருமாதில குந்திகினு சிரிக்கிறவன் வூட்டுக்கு எந்தங்கச்சிய அனுப்ப மாட்டேன்."

வேடியப்பன் தனியாகத் திரும்பினான். மறுபடி கண்ணாடியை எடுத்தான். கன்னத்தை அசைக்கப் பழகியவன் இப்போது அசைக்காமலிருக்கப் பழகினான். சின்னக் கவளமாக எடுத்து, நாக்கைக் கீழே தளர்த்திப் போட்டு, மெதுவாக மெல்ல வேண்டும். கன்னம் ஏறினால் நிறுத்திவிட்டு மறுபடி. அதற்குள் சோறு ஆறிப்போகும். பார்க்கிற எனக்கே பொறுக்காது. அவனுக்கு அவள் வர வேண்டும், அவ்வளவுதான்.

வருஷத் தெவசத்துக்குப் போய், கஜபதிக்கு நேரெதிரே உட்கார்ந்தான். சாப்பிட்டு முடிக்கும்வரை முகம் அசையவில்லை. கஜபதி எழுந்துவந்து தன் கையாலேயே பாயசம் ஊற்றினான்.

"இப்பதான் மனசு ஆறிச்சி பாவா. கூட்டிகினு போங்க."

நரம்புக் கதையை அவன் கடைசிவரை நம்பவில்லை. தங்கை புருஷனான பாவா திருந்திவிட்டார் என்றே நினைத்துக்கொண்டான். போகட்டும்.

மறுநாள் மத்தியானம் நானும் வேடியப்பன் வீட்டில்தான் சாப்பிட்டேன். பழகிய பழக்கத்தில் அவன் முகம் அசையாமல் மென்றுகொண்டிருந்தான். அன்னம்மாள் கரண்டியும் கையுமாக நின்று பார்த்தாள். குழம்பு நன்றாக இல்லையா என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது, இது கஜபதிக்காகப் பழகியது என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கண்ணன் வூட்ல அப்படித் துன்னுங்க. இங்க வேணாம். நரம்போ என்னவோ, அந்தச் சிரிப்ப நெனச்சிகினுதான் இத்தினி நாளும் அங்க சோறு துன்னேன்."