ஊர் கூடிய கணக்கு வகுப்பு

வேலூரில் எம்.எஸ்ஸி. கணக்கு முடித்த விசாலாக்ஷியை வீட்டில் எல்லாரும் 'விசா' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணமாகி நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு அந்தப் பெயரே கேலியாகிவிட்டது. கணவன் பசுபதியின் விசாவில் வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. அவள் சும்மா இருக்கவில்லை. வெஸ்ட் வின்ட்சர் வீட்டில் மகள் அஞ்சனாவை வளர்த்துக்கொண்டே, ஆசிரியர் தகுதிக்கான பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்தாள். கிரீன் கார்டு கைக்கு வந்த மாதமே ஓர் ஆன்லைன் பள்ளியில் சேர்ந்தாள்.

அலாஸ்காவின் மேற்குக் கரையில், யூபிக் இன மக்கள் வாழும் ஒரு சின்ன ஊர். அங்கே கணக்கு நடத்த ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு விசாலாக்ஷி 'மிஸ் வி' ஆனாள். குளிரில் கடல் உறைந்தால்தான் அங்கே வழி பிறக்கும் என்று பிள்ளைகள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். சீல் என்னும் கடல்நாய் வேட்டைக்குப் போவதும், பக்கத்து ஊர் உறவினரைப் பார்க்கப் போவதும் பனிக்கட்டி மேல்தான். புயல் வந்தாலும் அந்தப் பனிதான் கரைக்கு மதில். ஆனால் சில வருடங்களாகக் கடல் நேரத்துக்கு உறைவதில்லை.

அந்த அக்டோபரிலும் உறையவில்லை. புயலடித்தபோது அலையை மறிக்க ஒன்றும் இல்லாமல், தண்ணீர் நேராக ஊருக்குள் ஏறியது. வீடுகள் அஸ்திவாரத்தை விட்டு மிதந்தன. ஊரையே ஹெலிகாப்டரில் ஏற்றி ஆங்கரேஜ் நகரத்துக்குக் கொண்டுபோய், ஹோட்டல்களில் பிரித்துத் தங்க வைத்தார்கள். பிள்ளைகளை நகரத்துப் பள்ளிகள் ஏற்றுக்கொண்டன. விசாலாக்ஷியின் வகுப்பை மூடிவிட்டதாக ஆன்லைன் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் லிண்டாவிடமிருந்து தகவல் வந்தது.

விசாலாக்ஷி ஒவ்வொரு பிள்ளையாகத் தேடிப் பிடிக்க முயன்றாள். முதலில் கிடைத்தவள் டெல்லா. ஹோட்டலில் துணி துவைக்கும் அறையில் உட்கார்ந்துகொண்டு போனில் பேசினாள். புதுப் பள்ளி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கூடப் படித்தவர்கள் யாரும் அங்கே இல்லை, யார் எந்த ஹோட்டலில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியவில்லை என்றாள். "மிஸ் வி, நம்ம கிளாஸ் எப்போ?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் விசாலாக்ஷி கணவனிடம் சொன்னாள்.

"அவங்க ஸ்கூல் விட்டு வந்தப்புறம் கிளாஸ் எடுக்கப் போறேன். நமக்கு அப்போ எட்டு மணி ஆயிடும்."

"அதான் புது ஸ்கூல் கெடச்சிருச்சே விசா. சம்பளமும் கெடையாது. நீ எதுக்கு இழுத்துப் போட்டுக்கற?"

"ஸ்கூல் கெடச்சிருச்சுங்க. ஆளுக்கு ஒரு பக்கமா செதறிக் கெடக்குதுங்க. ஒண்ணா பாத்துக்க ஒரு எடம் வேணாமா?"

"எட்டு மணிக்கு அஞ்சனாவ டான்ஸ் கிளாஸ்ல இருந்து யாரு பிக்கப் பண்றது?"

"நீங்கதான்."

பசுபதி மூலையில் இருந்த பேட்மிண்டன் பையை ஒரு தரம் பார்த்தான். அது அவன் ஆடப் போகும் நேரம். பையை எடுத்து அலமாரிக்குள் வைத்தான்.

முதல் நாள் யாரும் பென்சிலைத் தொடவில்லை. ஒருவரையொருவர் திரையில் பார்த்ததும், எந்த நாய் தப்பியது, யார் படகு கிடைத்தது என்றே பேச்சு ஓடியது. பின்னாலிருந்து அம்மா அப்பாக்களும் எட்டிப் பார்த்து யூபிக் மொழியில் ஒருவரையொருவர் விசாரித்தார்கள். விசாலாக்ஷிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. காத்திருந்தாள்.

டான்ஸ் முடிந்து வந்த அஞ்சனா வேடிக்கை பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஈவன் டீச்சிங்?"

"மொதல்ல பேசி முடிக்கட்டும்டி. அப்புறம் பாரு, ஒருத்தரையும் விட மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். பேச்சு ஓய்ந்ததும் சமன்பாடுகளில் இறங்கினாள், வீட்டுப்பாடமும் கொடுத்தாள்.

விஷயம் லிண்டாவுக்கு எட்டியது. பதிவு செய்த மாணவர்கள் எட்டுப் பேராவது இருந்தால்தான் பள்ளியின் வீடியோ இணைப்பைப் பயன்படுத்தலாம், நகரத்துப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் கணக்கில் வரமாட்டார்கள் என்றாள். விசாலாக்ஷி அதை வகுப்பில் மறைக்காமல் சொன்னாள். டெல்லாவின் பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அம்மா ஆக்னஸ் நிமிர்ந்தாள்.

"நான் பத்தாவதோட நின்னவ. என்னைச் சேத்துக்குவீங்களா?"

மறுநாள் விசாலாக்ஷி லிண்டாவை விடவில்லை. பெரியவர்களுக்கான படிப்பு அதே பள்ளியில் இருக்கிறதே, வயது வரம்பு எங்கே போட்டிருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். லிண்டா தேடிப் பார்த்தாள். எங்கும் இல்லை. அடுத்த வாரத்துக்குள் அம்மாக்களும் அப்பாக்களும் ஊரில் கடை வைத்திருந்தவருமாக எட்டுக்கு மேலேயே சேர்ந்துவிட்டார்கள்.

பெரியவர்களுக்குப் பின்னத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. விசாலாக்ஷி வழக்கம்போல பீட்சா படம் போட்டாள். ஆக்னஸ் கையெடுத்துக் கும்பிடாத குறை. "ஹோட்டல்ல தினம் அதான் போடறாங்க. சீல் போடுங்க மிஸ் வி." எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சீலை ஊரில் எப்படிப் பங்கு வைப்பீர்கள் என்று விசாலாக்ஷி கேட்டாள். ஆக்னஸின் கணவன் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டான். அவன் அடுத்துச் சொல்ல இருந்த வீட்டைக் கடல் கொண்டுபோயிருந்தது. விசாலாக்ஷி கேட்டாள்:

"வீடு இல்லன்னா என்ன? ஆளுங்க இருக்காங்கல்ல? ஆளுங்க பேரச் சொல்லுங்க. பங்கு வெப்போம்."

ஒவ்வொரு பெயராகச் சொன்னார்கள். பெயருக்குச் சொந்தக்காரர்கள் திரையின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் கையைத் தூக்கினார்கள். ஒருவர் விடாமல் பங்கு வைத்து முடித்தபோது, ஆக்னஸுக்குப் பின்னம் பிடிபட்டிருந்தது.

கோடையில் சிலர் ஊருக்குத் திரும்பி, மிஞ்சிய வீடுகளைத் தூக்கி நிறுத்தினார்கள். மற்றவர்கள் ஆங்கரேஜிலேயே வாடகை வீடு பார்த்துக்கொண்டார்கள். ஊரையே மேட்டுக்கு மாற்றுவதா என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. அதற்கான ஊர்க் கூட்டங்களும் பல தடவை விசாலாக்ஷியின் வகுப்பிலேயே ஆரம்பித்தன. ஆக்னஸ் முதல் தடவை கணக்குப் பரீட்சையில் தோற்றாள். இரண்டாம் தடவை பாஸ் செய்து, டெல்லாவுக்கு ஒரு வருஷம் முன்னதாகவே பள்ளிச் சான்றிதழ் வாங்கினாள்.

அடுத்த பள்ளி ஆண்டுக்கான பதிவு நேரம் வந்தபோது, இந்த வருஷமும் இந்த வகுப்பு வேண்டுமா என்று லிண்டா கேட்டாள். வாரத்துக்கு இன்னொரு நாள் சேர்த்துக் கொடுங்கள் என்றாள் விசாலாக்ஷி.