பனிமலை ஊரில் துட்டி கேட்கப் போனேன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதம் நடந்தது இது. அப்போது நான் சூரிச் நகரத்தில் மூன்று மாதப் பயிற்சிக்காகத் தங்கியிருந்தேன். எனக்குத் திருச்சியில் ஒரு மெஷின் கம்பெனியில் சர்வீஸ் வேலை. புதிதாக வாங்கப்போகும் மெஷினைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு வா என்று என்னை மட்டும் தனியாக அனுப்பிவிட்டார்கள். சுவிட்சர்லாந்து என்றதும் ஊரில் எல்லோரும் கொடுத்து வைத்தவன் என்றார்கள். அங்கே நான் பார்த்ததெல்லாம் ஒரு ஒர்க்ஷாப், ஒரு டிராம், ஒரு ஒற்றை அறை. மாலை ஆறு மணிக்கு அறைக்கு வந்தால், ஆவுடையார்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் இரவு பத்தரை. மகள் தூங்கியிருப்பாள். மனைவி கொட்டாவி விட்டுக்கொண்டே நாலு வார்த்தை பேசுவாள். அதற்குப் பிறகு பேச ஆள் கிடையாது. சில நாள், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே நானாக ஏதாவது சத்தமாகச் சொல்லிக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அம்மா போன் செய்தார். எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு அக்காவின் அப்பா தவறிப் பத்து நாள் ஆகியிருந்தது. அந்த அக்காவின் தம்பி, வீட்டுக்கு ஒரே ஆண் பிள்ளை, இதே சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலைமேல் ஒரு ஊரில், இந்தியச் சாப்பாட்டு ஹோட்டலில் வேலை பார்க்கிறார். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்த பேப்பர் கைக்கு வராததால் அவரால் கிளம்ப முடியவில்லை. கொள்ளி வைத்தது மருமகன். பெற்ற மகன் அதை போனில் பார்த்தார். துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கம் துட்டி கேட்பது என்போம். அவரிடம் நேரில் போய்த் துட்டி கேட்க ஒரு ஆள்கூட இல்லை, நீ அங்கேதானே இருக்கிறாய், போய்விட்டு வா என்றார் அம்மா.

நான் நழுவப் பார்த்தேன். அவர் முகத்தைக்கூடப் பார்த்தது கிடையாது. ரயிலில் மூன்று மணி நேரம். கிடைக்கிற ஒரே லீவு ஞாயிறு, அன்றைக்குத்தான் துணி துவைக்க வேண்டும். போனில் விசாரித்துவிடுகிறேனே என்றேன்.

“போன்ல கேக்குறதுக்கு இது என்ன கேஸ் புக்கிங்கா? அப்பன் மூஞ்சியக் கடைசியாப் பாக்காத புள்ளைடா அது. நம்ம ஊரு மனுசன் ஒருத்தன் அவரு முன்னாடி போயி நிக்கணும்” என்றார் அம்மா.

வருகிறேன் என்று ஒரு மெசேஜாவது போட்டுவிடலாமா என்று கேட்டதற்கும் திட்டுதான் விழுந்தது. துட்டிக்கு யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை, பேசாமல் போய் நில் என்றார். அக்கா ஹோட்டல் இருக்கும் இடத்தை என் போனுக்கு அனுப்பினார். அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கே இருந்த ஒரே தமிழர் யார் என்று தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை ரயில் ஏறினேன். பெட்டி முழுக்கக் குடும்பம் குடும்பமாகப் பனியில் சறுக்கி விளையாடப் போகிறவர்கள். மஞ்சளும் சிவப்புமாக உடுப்பு, நீள நீளமான கட்டைகள், கன்னம் சிவந்த பிள்ளைகள். அத்தனை பேரும் சந்தோஷத்துக்குப் போகிறார்கள், நான் ஒருவன் மட்டும் இழவுக்குப் போகிறேன். ஏரி வந்தது, ஏரிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று மலை வந்தது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘அங்க பாரு’ என்று கையை நீட்டிக் காட்டப் பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் அழகுகூட எரிச்சலாகத்தான் இருக்கிறது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். துட்டிக்குப் போகிறவன் போட்டோ எடுப்பதா என்று நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். அதுதான் தப்பாகப் போனது.

ஏரிக்கரை ஊரில் இறங்கி மலை ரயிலுக்கு மாறினேன். கடைசிப் பெட்டியில் கூட்டம் குறைவாக இருந்தது, ஏறி உட்கார்ந்தேன். திருச்சியில் ஏறினால் புதுக்கோட்டை, அதே தண்டவாளத்தில் காரைக்குடி என்று பழகியவன் நான். ரயில் என்றால் முன்பெட்டி போகிற இடத்துக்குத்தானே பின்பெட்டியும் போகும்? அங்கே அப்படி இல்லை. மலையடிவாரத்தில் ஒரு ஸ்டேஷனில் ரயிலை இரண்டாகக் கழற்றி, முன்பாதியை ஒரு பள்ளத்தாக்குக்கும் பின்பாதியை இன்னொரு பள்ளத்தாக்குக்கும் அனுப்பிவிடுகிறார்கள். ஒலிபெருக்கியில் ஜெர்மன் மொழியில் சொன்னார்கள் போலிருக்கிறது. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்துப் போனை எடுத்துப் பார்த்தால், நான் போக வேண்டிய ஊர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளிடம் போனைக் காட்டினேன். அவர் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டி, பிறகு அவற்றைத் தனித்தனியாக விரித்துக் காட்டிச் சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. மெஷினைக் கழற்றிப் பூட்டுவதுதான் தொழில், ஒரு ரயிலைக் கழற்றியது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். வழியில் இறங்கி, பனி கொட்டும் பிளாட்பாரத்தில் நான் ஒருவனாக அரைமணி நேரம் நின்று, திரும்பி வந்து, சரியான ரயிலைப் பிடித்தேன். ஹோட்டல் திறப்பதற்குமுன் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்பது என் திட்டம். போய்ச் சேர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

உள்ளே நல்ல கூட்டம். கண்ணாடி டம்ளர் சத்தமும் சிரிப்புமாக இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் கறுப்புச் சட்டையும் ஏப்ரனுமாக நின்றவரைப் பார்த்ததும் அக்காவின் தம்பி என்று தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே மூக்கு.

எங்கள் பக்கம் ஆண்கள் துட்டிக்குப் போனால் வாயைத் திறக்க மாட்டோம். துக்கக்காரர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டுவோம். அவர் தன் கைகளால் அதைத் தொடுவார். அவ்வளவுதான் விசாரிப்பு. சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவன், அந்த இடம், அந்தக் கூட்டம், எதையும் யோசிக்காமல் நேரே அவர் முன்னால் போய் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் சிரித்த முகமாக, “ஒன்லி ஒன், சார்?” என்று கேட்டு, நீட்டிய கையில் மெனு கார்டை வைத்தார்.

நான் அதை வாங்கிக்கொண்டு முழித்தேன். கார்டைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு மறுபடியும் கைகளை நீட்டினேன். உங்கள் அக்கா வீட்டுக்கு நாலு வீடு தள்ளி எங்கள் வீடு என்று மட்டும் சொன்னேன். அவர் என் கைகளையே பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறியது. பிறகு கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு என் கைகளைத் தொட்டார். தொட்டவர் விடவில்லை. பக்கத்து மேஜையில் ஒரு குழந்தை நூடுல்ஸை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தது.

அவர் முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு, படியிறங்கி, அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த கீழறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நின்றுதான் போனில் எல்லாவற்றையும் பார்த்தாராம். நடுவில் சிக்னல் போய்விட்டதாம். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து ஆட்கள் குளிக்கப் போய்க்கொண்டிருந்தார்களாம். மேலே ஆர்டர் கேட்டுக் கூப்பிட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பரிமாறியிருக்கிறார். கூட வேலை செய்பவர்கள் யாரிடமும் அவர் சொல்லவில்லை. சொன்னால் ‘சாரி’ என்பார்கள், அதைக் கேட்டு என்ன செய்வது என்றார்.

பிறகு கேட்டார்: “நீங்க எங்கப்பாவைப் பாத்திருக்கீங்களா தம்பி?”

எனக்குத் திக்கென்றது. இரண்டு நாளாக டிக்கெட்டைப் பற்றி யோசித்தேன், குளிரைப் பற்றி யோசித்தேன், செத்துப்போனவர் யார் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளையாக ஒன்று ஞாபகம் வந்தது. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது, நான் பிரேக் இல்லாத சைக்கிளில் வந்து அக்கா வீட்டுச் சுவரில் மோதி விழுந்தேன். மகளைப் பார்க்க வந்திருந்த அவர்தான் என்னைத் தூக்கிவிட்டு, காது கிழியத் திட்டிவிட்டு, பிறகு தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்து பிரேக் ஒயரை இழுத்து முடுக்கிக் கொடுத்தார்.

இவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்படியே அழுதார். அத்தனை நாள் அழுகையும் அப்போதுதான் வந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, “இன்னொருக்கா சொல்லுங்க” என்றார். சொன்னேன். மூன்றாவது தடவையும் சொன்னேன். என்ன திட்டினார், எந்தக் கையால் முடுக்கினார், வேட்டி என்ன கலர் என்றெல்லாம் கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

மேலே மணி அடித்தது. அவர் முகம் கழுவப் போனார். துட்டி வீட்டில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று சொல்லக் கூடாது. சொன்னால் அதேபோல் இன்னொரு காரியத்துக்கு வரவேண்டியதாகிவிடும் என்பார்கள். அதனால் முறைப்படி பேசாமல் எழுந்து பின்வாசல் வழியாக ஸ்டேஷனுக்கு நடந்தேன். கடமை முடிந்தது என்று, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ரயிலில் கால் வைக்கும்போது அவர் ஓடி வந்தார். அந்தப் பனியில் ஏப்ரனோடு, கோட்டுகூடப் போடாமல் வந்திருந்தார்.

“சொல்லாமப் போறதுதான் முறை, எனக்கும் தெரியும். ஆனா இங்கிட்டு எனக்கு வேற யாரு வரப்போறா தம்பி? வாரேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

ஒரு நொடி தயங்கினேன். அம்மா கேட்டால் கொன்றுவிடுவார். பிறகு, “வாரேண்ணே” என்றேன். அவர் தலையை ஆட்டினார். என்றைக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதவு மூடிக்கொண்டது. நான் ஊருக்குக் கிளம்ப இன்னும் இரண்டு ஞாயிறு பாக்கி இருந்தது. ஒரு ஞாயிறு துணி துவைத்துவிட்டுத் தூங்கினேன். அடுத்த ஞாயிறு வீட்டுக்கு சாக்லேட் வாங்க அலைந்தேன். அவ்வளவுதான், வேறு காரணம் எதுவும் கிடையாது.

ஊருக்கு வந்ததும் அந்த அக்கா என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். என் தம்பிக்காக அவ்வளவு தூரம் போனியே என்று கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். பிறகு, குறையாக இல்லாமல், சும்மா பேச்சுவாக்கில்தான் சொன்னார்: “நீ திரும்ப வாரேன்னு சொன்னியாமுல்ல. ரெண்டு ஞாயித்துக்கெழமையும் தம்பி அந்த ரயிலு வர்ற நேரத்துக்கு டேசனுக்குப் போயிப் பாத்துட்டு வந்துச்சாம்.”

மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சில மாதம் கழித்து அக்காவின் தம்பி வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கு அவ்வளவு தூரம் போனதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள், எனக்கோ போகாமல் விட்ட அந்த இரண்டு ஞாயிறுகள்தான் நினைவிருக்கின்றன. இப்போதெல்லாம் யாரிடமும் வாய்க்கு வந்தபடி ‘வாரேன்’ என்று சொல்வதில்லை, எங்கோ ஒருவர் அதை நம்பிக் குளிரில் வந்து நிற்பார் என்று பயமாக இருக்கிறது.