முகங்களுக்கு வயதேற்றுகிறவள்

கண்ணாடியைப் பார்த்துப் பல்லைக் கடித்து, மூக்கை விடைத்து, ஒரு கண்ணை மட்டும் இடுக்கிக்கொண்டு நிற்கிறாள் நிஷாந்தினி. இடது கையில் முகக்கண்ணாடி, வலது கையில் பென்சில். படை முழுவதையும் பறிகொடுத்த ஒரு தளபதி, தன்னைக் காட்டிக்கொடுத்தவனைச் சந்தைக் கூட்டத்துக்குள் திடீரென்று கண்டால் அவன் முகம் எப்படிப் போகும்? கண்ணாடியில் தேடுகிறாள். தாளில் நாலு கோடு இழுக்கிறாள். சரிவரவில்லை. மறுபடியும் பல்லைக் கடிக்கிறாள்.

கொட்டாஞ்சேனையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் எதிர்வீட்டு மாடிக்கும் இந்த மாடிக்கும் கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். உடுப்புக் காயப்போட வந்த நளீபா அன்ரி அங்கிருந்து பார்க்கிறார்.

"என்ன மகள், இண்டைக்கு யாருக்கு ஏசுறீங்க? கண்ணாடி ஒடஞ்சிடும் போல ஈக்குதே!"

"ஏச்சில்லை அன்ரி, இது துக்கம்."

"துக்கமா? அல்லாஹ்! துக்கத்துக்கு இப்பிடி மூஞ்சியக் காட்டினா மையத்து ஊட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

நிஷாந்தினி சிரிப்பாள். சிரித்த முகத்தையும் விடாமல் கண்ணாடியில் ஒருதரம் பார்த்துக்கொள்வாள். சிரிப்பும் எங்கேயாவது தேவைப்படும்.

முப்பதைத் தாண்டி நாலைந்து வருடமாகிறது. கல்யாணப் பேச்சு வருவதும் போவதுமாக இருந்து, இப்போது வருவதை நிறுத்திவிட்டது. காலையில் ஓர் அச்சகத்துக்காக வீட்டிலிருந்தபடியே பிறந்தநாள் பதாகையும் கண்ணீர் அஞ்சலியும் வடிவமைக்கிறாள். பலூனுக்குப் பக்கத்தில் மழலை, மாலைக்குள் முதியவர். அந்த வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து, தலையை அவிழ்த்து முடிந்துகொண்டு உட்காருவாளே, அதுதான் அவளுடைய உண்மையான நாள். அப்போது அவள் கடலுக்குள் அமிழ்ந்துபோன ஒரு நகரத்தில் வாழ்கிறாள்.

அந்த நகரம் ஒரு கணினி விளையாட்டில் இருக்கிறது. பெயரைத் தமிழில் சொன்னால் 'உப்புக் கோட்டை' என்று வரும். உலகமெங்கும் பிள்ளைகள் அதில் வாள் வீசிக் கட்டம் கட்டமாகத் தாண்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் சண்டைக்கு நடுவில் ஆட்டத்தை நிறுத்திவைத்து, வீரனைச் சுற்றிச் சுற்றி வருவாள். பிடரி முடி எங்கே முடிகிறது? வாளுறையின் தையல் எந்தப் பக்கம்? கொட்டாவி விடும்போது எந்தத் தோள் முதலில் இறங்குகிறது? இதையெல்லாம் பென்சிலால் கிறுக்கி எடுத்த பிறகுதான் எதிரியைக் கவனிப்பாள். அதற்குள் எதிரி இவளைக் கொன்றிருப்பான். அதற்கு அவள் கவலைப்படுவதில்லை.

பிறகு சித்திரக்கதை. முதலில் பேச்சை எழுதுவாள். பேச்சுக்கு இடம் விட்டுத்தான் தலைகளை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் "கதைக்கிறவையின்ர வாய்க்கு மேலேயே கதை வந்து குந்திக்கொள்ளும்" என்பாள். தாளில் பெட்டி பெட்டியாகப் பிரித்து, பெட்டிக்குள் ஈர்க்குச்சி மனிதர்களை நிறுத்துவாள். அவர்கள் சரியான இடத்தில் நின்றால் மட்டுமே கணினியோடு பொருத்திய, மூலையில் கீறல் விழுந்த தன் பேனாத்திரைக்குப் போவாள். அங்கே மண்டையோடு, அதன்மேல் தசை, அதன்மேல் தோல், கடைசியாகத்தான் மயிர்.

அவளுடைய கதைத் தொடரின் பெயர் 'பிறகு'. ஆட்டம் முடிந்து எல்லோரும் திரையை அணைத்துவிட்டுப் போன பிறகு அந்த வீரர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் கதை. துள்ளித் திரிந்த வில்லாளிக்கு முழங்கால் வாதம். இளவரசிக்குக் கழுத்துச் சதை தொங்கி இரட்டை நாடி. பேரழகன் ஒருவன் மீன் விற்கிறான். ஆட்டத்தைச் செய்தவர்கள் இருபது வயதில் நிறுத்திவைத்த முகங்களுக்கு இவள் வயதேற்றுகிறாள். இணையத்தில் அதைப் பார்த்து மணிலாவில் ஒருத்தி அழுதிருக்கிறாள், பிரேசிலில் ஒருவன் தன் அப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறான். எப்படிக் கீறுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு அவள் சொல்கிற பதில் ஒன்றுதான்.

"முதல்ல கேக்கவேண்டியது, இந்த ஆள் இவ்வளவு காலமும் எங்க இருந்தது எண்டு. அது தெரியாட்டில் ஒரு கோடும் கீறேலாது. கடல்ல இருந்தவனுக்குக் கண்ணோரம் சுருங்கும். அரண்மனையில இருந்தவனுக்குத் தாடை தொங்கும். சிறையில இருந்தவனுக்கு வெயில் படாது, தோல் மெழுகு மாதிரிப் போகும்."

இதைச் சொல்லும்போது முன்னறைச் சுவரின் பக்கம் அவள் திரும்புவதில்லை. அங்கே படச்சட்டத்துக்குள் சாரங்கன் இருக்கிறான்.

சாரங்கன் அவளுடைய அண்ணன். யுத்தம் முடிவதற்கு முந்தைய வருடம் அவனுக்கு இருபத்தொரு வயது. போனுக்கு ரீலோட் போட்டுவிட்டு வருகிறேன் என்று செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனான். சந்தியில் ஒரு வெள்ளை வான் வண்டி நின்றதைக் கண்டவர்கள் உண்டு. அதற்குமேல் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. அப்பா தில்லைநாதன் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை, கேட்காத வாசல் இல்லை. கேட்டுக் கேட்டுக் களைத்து, ஒரு மாரிகாலத்தில் அவரும் கண்ணை மூடினார். அம்மா பாலேஸ்வரி மட்டும் அந்தப் படத்தை நெஞ்சில் பிடித்தபடி வெயிலிலும் மழையிலும் போராட்டங்களில் நின்றார். படம் வெளுக்க வெளுக்கப் புதிதாகப் பிரதி எடுத்தார். ஊர் கிழடாகியது, தாய் கிழவியானார். பிள்ளை மட்டும் அதே மெல்லிய மீசையரும்போடு, அதே கோடுபோட்ட சேட்டோடு, இருபத்தொன்றிலேயே நின்றுவிட்டான்.

போன மாதம் ஜம்பட்டா வீதியில் அது நடந்தது. பாலேஸ்வரி நளீபா அன்ரியோடு மரக்கறி வாங்கிக்கொண்டு வந்தார். பஸ் தரிப்பிடத்தில் நின்ற ஒரு பெடியனைக் கண்டதும் பையைக் கீழே போட்டார். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தார். "சாரு, என்ர ராசா, வீட்டை வாடா" என்று அவர் கத்திய கத்தலில் தெருவே நின்றது. அந்தப் பிள்ளைக்கு இருபது வயதிருக்கும். கையை உதறவில்லை. "அம்மே, மம நெவெய்" என்றான் சிங்களத்தில், மெதுவாக. நான் இல்லை அம்மா. சொல்லிவிட்டு, கீழே உருண்ட தக்காளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்த பாலேஸ்வரி அழவில்லை. கதிரையில் இருந்து நெடுநேரம் யோசித்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"நிஷா, நான் பிழையான முகத்தை எல்லோ தேடிக்கொண்டு திரியிறன்."

"என்னம்மா கதைக்கிறியள்?"

"அவனுக்கு இப்ப நாப்பது வரப்போகுது. நான் இருபது வயசுப் பெடியளைப் பாத்துக்கொண்டு திரியிறன். அவன் எனக்கு முன்னால நடந்து போயிருப்பான். இந்த ரோட்டிலயே போயிருப்பான். எனக்குத்தான் தெரியேல்லை." மூச்சு வாங்கியது அவருக்கு. "உன்ர பொம்மையளுக்கெல்லாம் நரை வைக்கிறாய். என்ர பிள்ளைக்கும் வைச்சுத் தா. அவன் எதிர்ல வந்தா எனக்குத் தெரியோணும்."

"ஏலாதம்மா."

"ஏன் ஏலாது?"

"அது கதை. அதுகளுக்கு நான் என்ன செய்தாலும் ஒருத்தருக்கும் நோகாது."

"எனக்கு நோகிறதைப் பற்றி நீ யோசியாதை. எனக்குக் கண் போகுது, அதை யோசி."

கண் போய்க்கொண்டுதான் இருந்தது. கண்ணில் அழுத்தம். இப்போதே குழாய்க்குள்ளால் பார்ப்பது போல நடுவில் உள்ளது மட்டும்தான் பாலேஸ்வரிக்குத் தெரிகிறது. போன பார்வை திரும்பாது, இருக்கிற பார்வையும் எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகனைத் தேடித் தேடித் தேய்ந்த கண்கள், அவனை அடையாளம் காணுமுன்னே அணைந்துவிடப் பார்க்கின்றன. தெய்வத்துக்கு இந்தத் தாயிடம் இன்னும் என்னதான் தீராத கணக்கோ!

நாட்கள் போயின. நிஷாந்தினி கீறவில்லை. தளபதியும் கீறப்படாமல் கிடந்தான். 'பிறகு' எங்கே என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் கேட்டார்கள். எதைக் கீற உட்கார்ந்தாலும் அந்தக் கேள்வி வந்து கையைப் பிடித்தது. இந்த ஆள் இவ்வளவு காலமும் எங்க இருந்தது? தளபதிக்கு என்றால் தானே ஒரு பதிலைச் சோடித்துவிடுவாள். அண்ணனுக்கு அவள் எந்தப் பதிலைச் சோடிப்பது? ஒரு கோடு போட்டால் அவனை ஓர் இடத்தில் வைத்தாக வேண்டும். சோறு கிடைக்கிற இடத்திலா, கிடைக்காத இடத்திலா? கை ஓங்காத இடத்திலா, ஓங்குகிற இடத்திலா? அதை அவள் தன் கையால் செய்ய வேண்டும்.

ஒரு நாள் அம்மா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைப்பதாக நினைத்து வெறும் காற்றில் விட்டார். கோப்பை சிதறியது. பாலேஸ்வரி குனிந்து, தரையைக் கையால் தடவித் துண்டுகளைத் தேடினார். நிஷாந்தினி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்கோ, நான் கூட்டுறன்" என்றாள். பிறகு, "இருங்கோம்மா. கீறுவம்" என்றாள்.

மழை பெய்துகொண்டிருந்த மத்தியானம் அது. அம்மா கதிரையை மேசையோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு இருந்தார். அச்சகத்து வாடிக்கையாளர்கூட இப்படி வேலை வாங்கியதில்லை.

"மீசை வைக்காதை. அவனுக்கு அந்த அரும்பே குத்தும், பிடிக்காது."

"சரி."

"அப்பாவுக்கு முப்பத்தஞ்சிலயே முன்மண்டை வெளிச்சிட்டுது. இவனுக்கும் வெளிச்சிருக்கும்."

"கொஞ்சம் மயிர் விடுவமேம்மா?"

"மொட்டை எண்டா மொட்டைதான். பொய் கீறாதை."

"காது?"

"காது அப்பவே சுளகு மாதிரி. இப்ப இன்னும் வளந்திருக்கும், வேறென்ன." சொல்லிவிட்டுப் பாலேஸ்வரி சிரித்தார். மகளும் சிரித்தாள். அந்த வீட்டில் சாரங்கனைப் பற்றிச் சிரித்து எத்தனை காலம்!

கொஞ்ச நேரத்தில் அம்மா கதிரையிலேயே கண்ணயர்ந்தார். மழை விடவில்லை. நிஷாந்தினி தனியே இருந்து தசையைப் போட்டாள். கண்ணாடியை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையிருக்கவில்லை. அவள் தடுத்தும் நில்லாமல் கை தன்பாட்டில் போனது. கன்னம் உள்ளே விழுந்தது. மேலுதடு ஒரு பக்கம் அமுங்கியது, அதற்குப் பின்னால் பல் இல்லை. தோல் மெழுகானது. காதோரம் முழுக்க வெள்ளை. இடது புருவம் கலைந்து கிடந்தது. வரைந்து முடித்தாள். இதையா பெற்ற தாயிடம் காட்டுவது? அதன்மேல் புதிதாக ஒரு லேயரை விரித்தாள், படத்தின்மேல் படமாக ஒரு கண்ணாடித்தாளை வைப்பது போல. அதில் இன்னொரு சாரங்கனைக் கீறினாள். கனடாவிலோ எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டு, பிள்ளைகளைக் காரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாரங்கன். தாடையில் சதை, கண்ணில் குளிர்ச்சி. கீழே இருந்த முகம் முற்றாக மறைந்துபோனது.

"அம்மா, எழும்புங்கோ. முடிஞ்சுது."

பாலேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு மிக அருகில் குனிந்தார். நெற்றி, மூக்கு, வாய், தாடை என்று அந்தச் சின்ன வட்டத்துக்குள் அகப்பட்டதைத் துண்டு துண்டாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"வடிவா இருக்கிறான்."

"ஓமம்மா."

"நல்லாச் சாப்பிட்டிருக்கிறான்."

"ஓம்."

பாலேஸ்வரி நிமிரவில்லை.

"மற்றதைக் காட்டு, பிள்ளை."

"எந்த மற்றது? வேற ஒண்டும் கீறேல்லை."

"நிஷா." அதட்டல் இல்லை அந்தக் குரலில். கெஞ்சலும் இல்லை. "இவ்வளவு சுகமா இருக்கிறவன் எண்டால் தானாவே வீட்டை வந்திருப்பான். அம்மா எண்டு ஒரு போன் எண்டாலும் எடுத்திருப்பான். சுகமில்லாதவனைத்தானே நான் தேடோணும். அவனைக் காட்டு."

நிஷாந்தினியின் விரல் திரையின் ஓரத்துக்குப் போய், நின்று, மேல் லேயரை அணைத்தது.

பாலேஸ்வரி அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். கத்துவார், நெஞ்சில் அடித்துக்கொள்வார் என்று நினைத்து, தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டியபடி நின்றாள் மகள். பாலேஸ்வரி அப்படி ஒன்றும் செய்யவில்லை. பெருவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கினார். திரையில் கலைந்து கிடந்த அந்த இடது புருவத்தை, வெளியே போகப் புறப்பட்டு நிற்கிற பிள்ளைக்குச் செய்வது போல, ஒருதரம் நீவிச் சரிசெய்தார்.